ஈ விரட்டினதுக்கே நின்னவன்

மேலுவுக்கு வழியனுப்பு விழா எடுத்தாங்க. நான் போகலை. சைட்டிலிருந்து ரெண்டு பேர் வீடு தேடி வந்து, "இருபத்திரெண்டு வருஷம் ஒண்ணா வேலை பார்த்தவர் நீங்க. உங்களை விட்டா அவரைப் பத்தி யார் பேசறது?"ன்னு கேட்டாங்க. மூச்சு வாங்குதுப்பா, என்னால பேச முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூச்சு வாங்கறது நெஜந்தான், ஆனா அதுக்காக இல்ல. மைக்கைக் கையில குடுத்தா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியும். மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறவனைப் பார்த்து, "இவன் என்னை நம்ப வெச்சுக் கழுத்தறுத்தவன்"னு அத்தனை பேர் முன்னாடி சொல்ல முடியுமா? அங்க சொல்லாததை இங்க சொல்லிடறேன்.

மேலுங்கறது அவன் பேர் இல்ல. அவன் கிரேன் ஓட்டறவன், மேல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருப்பான். நான் கீழ நின்னு கை சிக்னல் காட்டறவன். மேல இருக்கறவன் மேலு, கீழ இருக்கறவன் கீழு. எவன் வெச்ச பேரோ தெரியாது, அப்படியே ஒட்டிக்கிச்சு. என் பொண்டாட்டியைக்கூட 'கீழு வீட்டம்மா'ன்னுதான் கூப்பிடுவாங்க. அவளுக்கு அதுல பயங்கரக் கோவம்.

அந்த வேலை எப்படின்னு தெரிஞ்சாத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். மேல இருக்கறவனுக்குக் கொக்கி தெரியும், சுமை தெரியும், சுமைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது. சத்தத்துல பேச்சும் கேக்காது. அவனுக்குக் கண்ணு என் கைதான். ஆள்காட்டி விரலை மேல காட்டிச் சுத்தினா ஏத்தணும். கீழ காட்டிச் சுத்தினா இறக்கணும். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இடமும் வலமுமா வீசினா நிறுத்தணும். மத்த சிக்னல் எல்லாம் நான் ஒருத்தன் காட்டினாத்தான் செல்லும். ஆனா 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாகணும். முதலாளி காட்டினாலும் சரி, குப்பை கூட்டறவங்க காட்டினாலும் சரி. ஏன் எதுக்குன்னு யோசிக்கவே கூடாது. முதல்ல நிறுத்து, அப்புறம் கேளு.

மேலு அதுல ஒரு பைத்தியம். ஆள் குள்ளம், வாயைத் திறந்து பேசவே மாட்டான், சரியான கல்லுளிமங்கன். காலையில சாப்பாட்டு டப்பாவோட மேல ஏறினா சாயங்காலந்தான் இறங்குவான். லீவர் ரெண்டையும் ஒரு பழைய பனியன் துணியால துடைச்சிட்டுத்தான் உக்காருவான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் சிக்னல் காட்டினதும், பார்த்துட்டேங்கறதுக்கு அடையாளமா வலது கட்டைவிரலால லீவரை ஒரு தட்டுத் தட்டுவான். கண்ணாடி வழியா அந்தத் தட்டு எனக்குத் தெரியும். தட்டிட்டான்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இருபத்திரெண்டு வருஷத்துல தட்டிட்டு செய்யாம விட்டதே கிடையாது.

ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா? பெரிய தூண் ஒண்ணு அந்தரத்துல தொங்குது. கீழ எஞ்சினியர், அவருக்கு மேல எஞ்சினியர், படம் பிடிக்கறவன்னு ஒரு கூட்டமே நிக்குது. நான் 'ஏத்து' காட்டிக்கிட்டிருக்கேன். திடீர்னு தூண் நின்னுடுச்சு. நின்ன வேகத்துல இப்படியும் அப்படியும் ஆடுது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எஞ்சினியர் மேல பார்த்துக் கத்தறார். கிரேன் சத்தம் அடங்கினதும் மேலு கண்ணாடியைத் தள்ளி நிதானமா எட்டிப் பார்த்து, "அந்தம்மா நிறுத்தச் சொன்னாங்க"ன்னான். எந்தம்மான்னு திரும்பிப் பார்த்தா, வேலி ஓரத்துல எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வர அம்மா நிக்கறாங்க. சாப்பாட்டு மேல உக்கார வந்த ஈயைக் கையை வீசி விரட்டிக்கிட்டிருக்காங்க!

எஞ்சினியர் தலையில அடிச்சுக்கிட்டார். ரெண்டு நாள் வேலைக்கு வராதேன்னு மேலுவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "ஏண்டா, ஈ விரட்டறதுக்கும் நிறுத்தச் சொல்றதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?"ன்னு கேட்டேன். "தெரியும். ஆனா அதை நான் யோசிக்க ஆரம்பிச்சேன்னா, ஒருநாள் நெஜமாக் காட்டறவன் சாவான்"னான். அவன் வாழ்நாள்ல பேசின ரொம்ப நீளமான பேச்சு அதுவாத்தான் இருக்கும். அன்னைக்கு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இவன் கீழ நிக்கற வரைக்கும், அதாவது இவன் மேல இருந்து நான் கீழ நிக்கற வரைக்கும், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். மடையன் நான்.

சிமெண்ட் தூசி ஒரு பக்கம், நான் ஊதித் தள்ளின சிகரெட் ஒரு பக்கம், என் நுரையீரல் கந்தலாப் போச்சு. அம்பத்தஞ்சு வயசுல வேலையை விட்டேன். மாடிப்படி நாலு ஏறினா அஞ்சாவதுல உக்காந்துடுவேன். எனக்குச் சாவு பயம்கூட இல்ல, குழாய் பயம்தான். எங்க அண்ணன் கடைசி பத்து நாள் ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள குழாயோட கிடந்தார். ஒரு வார்த்தை பேச முடியாம, என் மூஞ்சியையே பார்த்துக் கண்ணீர் விட்டார். அதைப் பார்த்துட்டு வந்து மேலுகிட்ட சொன்னேன். "டேய், எனக்கு அந்த நிலைமை வந்தா குழாய் போட மட்டும் விட்டுடாதே." சரின்னான்.

போன வருஷம் மழைக்காலம். சளி பிடிச்சு நாலு நாள். அஞ்சாம் நாள் காலையில சவரம் பண்ணிக்கிட்டிருக்கேன், பாதி மூஞ்சியில சோப்போட மூச்சு நின்ன மாதிரி ஆயிடுச்சு. நெஞ்சு ஏறுது, இறங்குது, காத்து மட்டும் உள்ள போக மாட்டேங்குது. பொண்டாட்டி மேலுவுக்குத்தான் போன் போட்டா. அன்னைக்கு அவனுக்கு லீவு. ஆட்டோவில என்னைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு வந்தவன் அவன்தான். அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில மணிக்கட்டுல ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. டாக்டர் பார்த்துட்டு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டார். "ஆக்சிஜன் மட்டும் குடுத்தாப் பத்தாது. உள்ள கெட்ட காத்து தேங்கி நிக்குது. அதை வெளிய தள்ள இவர் நெஞ்சுக்குத் தெம்பு இல்ல. மாஸ்க் போட்டு மெஷின் வழியா காத்தைத் தள்ளி உதவப் போறோம். குழாய் வேண்டாம். ஆனா மாஸ்க் முகத்தை விட்டு அசையக் கூடாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். கொறைஞ்சிருந்தா நல்லது. இல்லன்னா குழாய்தான்."

அந்த நர்ஸ் தங்கமான பொண்ணு. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மூடற பெரிய மாஸ்க் அது. எடுத்ததும் வார் போட்டு இறுக்கிடலை. "முதல்ல கையாலயே பிடிச்சுக்கறேன் ஐயா, பழகிக்குங்க. மெஷின் காத்தை விடும்போது அதோட சேர்ந்து இழுங்க, சண்டை போடாதீங்க"ன்னு சொன்னா. ஓடற பஸ்ஸோட ஜன்னல்ல மூஞ்சியை நீட்டின மாதிரி காத்து வந்து அடிக்குது. ரெண்டு நிமிஷம் பழகினேன். அப்புறம் மூக்குத் தண்டு புண்ணாகாம இருக்க ஒரு மெத்துத் துண்டை வெச்சுட்டு, "வார் போட்டுட்டா நீங்க பேசறது யாருக்கும் கேக்காது. வாந்தி வந்தாலோ, தாங்கவே முடியலன்னாலோ கையைக் காட்டுங்க. அந்த நிமிஷமே கழட்டிடறேன்"னா.

நான் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ வெச்சு, இடமும் வலமும் வீசிக் காட்டினேன். அவளுக்குப் புரியலை. மேலு சொன்னான்: "அது நிறுத்துன்னு அர்த்தம் சிஸ்டர். அவன் கை எனக்குத் தெரியும். நீங்க மத்த பெட்டைப் பாருங்க, நான் பார்த்துச் சொல்றேன்."

அவளுக்கு இன்னும் மூணு பெட்டு. நிம்மதியாத் தலையாட்டினா. நான் மூச்சை இழுத்துப் பிடிச்சு மேலுகிட்ட கேட்டேன். "காட்டினா நிறுத்துவேல்ல?"

"இதென்னடா கேள்வி?"ன்னான்.

வார் போட்டாச்சு. எதிர்ச் சுவத்துல கடிகாரம், பதினொண்ணே முக்கால். முதல் கால் மணி சமாளிச்சேன். அப்புறம் வந்தது பாருங்க ஒரு பயம். நான் இழுக்கறதுக்கு முன்னாடி மெஷின் தள்ளுது, நான் விடறதுக்குள்ள மறுபடி தள்ளுது. மூஞ்சியை யாரோ தலகாணி வெச்சு அமுக்கற மாதிரி இருக்கு. நாக்கு காஞ்சு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. செத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டேன். சரியாப் பன்னெண்டு அஞ்சு. கையை நீட்டினேன். வீசினேன். நிறுத்து.

மேலு பார்த்தான். பார்க்கலைன்னு சொல்லிடாதீங்க. அவன் வலது கட்டைவிரல் என் கட்டில் கம்பியில ஒரு தட்டுத் தட்டுச்சு. பழக்கம், பாவம், அவனை மீறித் தட்டிடுச்சு. தட்டினவன் எழுந்திருக்கலை.

மறுபடி வீசினேன். இந்தத் தடவை பக்கத்துப் பெட்டுல இருந்த நர்ஸ் திரும்பிட்டா. "என்ன சொல்றார்?"ன்னு கேட்டா.

மேலு சொன்னான்: "தண்ணி கேக்கறான் சிஸ்டர்."

தண்ணியாம்! இருபத்திரெண்டு வருஷம் என் கையைப் படிச்சவன். இந்த ஊர் உலகத்துலயே என் கைக்கு அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆள். அவன் சொல்றான், தண்ணின்னு.

அந்தப் பொண்ணு ஓடி வந்து என் தோளைத் தட்டிக் குடுத்தா. "இப்பத் தண்ணி குடிச்சா புரையேறிடும் ஐயா. கொஞ்சம் பொறுத்துக்குங்க, சமர்த்து இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் மாஸ்க்குக்குள்ள கத்தறேன். என் சத்தம் எனக்கே கேக்கலை. ரெண்டு கையாலயும் வீசினேன். எங்க தொழில்ல ரெண்டு கையையும் வீசினா ஆள் உயிர் போகுதுன்னு அர்த்தம். மேலு என் ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு மெத்தையோட அழுத்திட்டான். அவன் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. மெஷின்ல ஓடற நம்பரைப் பார்த்துக்கிட்டு இடிச்ச புளி மாதிரி உக்காந்திருந்தான். அப்புறம் எனக்கு எல்லாம் மங்கலாயிடுச்சு.

ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. கெட்ட காத்து கொறைஞ்சிடுச்சாம். குழாய் வேண்டாமாம். டாக்டர் சிரிக்கறார், பொண்டாட்டி அழறா. நர்ஸ் வாரைத் தளர்த்தி மாஸ்க்கை எடுத்தா. நான் பேசின முதல் வார்த்தை இதுதான்:

"தண்ணியாடா கேட்டேன்?"

மேலு என்னைப் பார்த்தான். "கொறைஞ்சிடுச்சாம்டா"ன்னான்.

"வெளிய போ"ன்னேன். நர்ஸுக்கு ஒண்ணும் புரியலை. நானும் சொல்லலை. சொல்லியிருந்தா அங்கேயே அவனை உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாங்க. எனக்குத் துரோகம் பண்ணினவன்தான், ஆனாலும் அவனைக் காட்டிக் குடுக்க வாய் வரலை. அதுல என்ன நியாயம்னு என்னைக் கேக்காதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் எல்லாரும் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க. பொண்டாட்டி, "உயிரைக் காப்பாத்தினவர் மேல கோவப்படற ஒரே ஆள் இந்த உலகத்துல நீங்கதாங்க. அந்தண்ணன் மட்டும் மாஸ்க்கைக் கழட்ட விட்டிருந்தா, உங்க தொண்டையில குழாய் போயிருக்கும்"னு தினம் ஒரு பாட்டம் பாடினா. டாக்டர்கூட, அந்த நேரத்துல கெட்ட காத்து தலைக்கேறிப் புத்தி கலங்கியிருக்கும், எதையும் மனசுல வெச்சுக்காதீங்கன்னார். புத்தி கலங்கியிருக்கலாம். என் கை கலங்கலை. அது சரியாத்தான் காட்டுச்சு.

எனக்கு மட்டும் தெரியாதா? குழாய் வேண்டாம்னு நான் கேட்டதைக் காப்பாத்த, நிறுத்துன்னு நான் காட்டினதை அவன் மீறிட்டான். ரெண்டு வாக்குல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த டாக்டர் ரெண்டு மணி நேரம்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்கு. அப்ப "இதென்னடா கேள்வி"ன்னு எதுக்குடா சொன்னே? 'கீழு, நீ காட்டினாலும் நான் நிறுத்த மாட்டேன்'னு சொல்லியிருக்கலாமே! நான் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்திருப்பேனே. கை காட்டினா நிக்கும்னு நம்பித்தான் அந்த மாஸ்க்குக்கு மூஞ்சியைக் குடுத்தேன். ஈ விரட்டினதுக்கே நின்னவன், எனக்கு நிக்கலை.

எட்டு மாசம் அவன்கூடப் பேசலை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவான். வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டதும் நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பேன். பொண்டாட்டி காபி குடுப்பா. குடிச்சிட்டுப் போயிடுவான். ஒரு மன்னிப்பு? ம்ஹூம். கல்லுளிமங்கன்.

இந்த நிலைமையிலதான் அவன் வேலையை விட்டுட்டான்னு சேதி வந்தது. அவனுக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு. கண்ணு நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியலை. விழா முடிஞ்ச மறுநாள் அவன் பொண்டாட்டி எங்க வீட்டுக்கு வந்தா. எனக்குத் தங்கச்சி முறை மாதிரிதான். என் முன்னாடி உக்காந்து மொகத்தைத் துடைச்சிக்கிட்டா.

"அண்ணே, அவர் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். ஆனா உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை. போன மாசம் கம்பிக்கட்டு ஏத்தறப்ப, கீழ நின்ன ஒருத்தர் நிறுத்துன்னு கை காட்டியிருக்கார். இவர் பார்த்திருக்கார். ஆனா உடனே நிறுத்தலையாம். 'இவன் எதுக்குக் காட்டறான், நெஜமாவே நிறுத்தணுமா'ன்னு ஒரு நொடி யோசிச்சாராம். அந்த ஒரு நொடியில கட்டு ஒரு முழம் நகர்ந்துடுச்சாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை, யாரும் கவனிக்கக்கூட இல்ல. அப்பவே கீழ இறங்கி வந்து சாவியைக் குடுத்துட்டார். என்கிட்ட சொன்னார், 'கீழுவுக்கு ஒரு தடவை யோசிச்சுட்டேன். இனிமே நான் மேல ஏறக் கூடாது'ன்னு."

அவ போனப்புறம் ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். மனசு இளகுச்சா? இளகுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவம் போகலை. ரெண்டும் ஒரே நேரத்துல இருக்குமான்னு கேப்பீங்க. இருக்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?

அதுக்கப்புறம் பத்து நாள் இருக்கும். மறுபடி மழை, மறுபடி சளி, மறுபடி அதே ஆஸ்பத்திரி. பொண்டாட்டி மறுபடி அவனுக்குத்தான் போன் போட்டா. வேற யாரைக் கூப்பிடுவா? மத்தியானம் மூணு மணி. அதே நர்ஸ். மாஸ்க்கைக் கையில எடுத்துக்கிட்டே மேலுவைப் பார்த்து மொகம் மலர்ந்தா. "அட, நீங்களா! இவர் கை உங்களுக்குத்தானே தெரியும்? நல்லதாப் போச்சு, நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

மேலு தலை குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவ வாரைப் போடறதுக்கு முன்னாடி நான் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினேன். எட்டு மாசத்துக்கப்புறம் அவன்கிட்ட பேசினேன்.

"இந்தத் தடவை காட்டினா நிறுத்துவியா?"

அவன் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான்.

"மாட்டேன்டா"ன்னான்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

நர்ஸ் வாரை இழுத்துக் கட்டினா. கடிகாரத்துல மூணு இருபது. அதே காத்து, அதே தலகாணி அமுக்கு. மூணே முக்காலுக்கு அதே பயம் வந்துடுச்சு. என் கை தானா எழும்புச்சு. மேலுவைப் பார்த்தேன். அவன் கட்டில் பக்கத்துல குனிஞ்சு உக்காந்து என் கையையே பார்த்துக்கிட்டிருந்தான். கட்டைவிரல் கம்பி மேல தயாரா இருந்தது.

நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு கையைப் போர்வைக்குள்ள இழுத்து வெச்சுக்கிட்டேன்.

நாலு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்துட்டு, "பரவாயில்லையே, இந்தத் தடவை ஐயா தொந்தரவே பண்ணலை"ன்னு சந்தோஷமாச் சொன்னா. மேலு அஞ்சு இருபது வரைக்கும் போர்வையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். நான் கையை வெளிய எடுக்கவே இல்ல.